பூம்பாத்தியிற் களை

பூந்தோட்டம் வைத்திருப்போர்க்குப் பூவைப்பற்றிய கவலையைக் காட்டிலும் புல்லைப்பற்றிய கவலையே பெரிதாயிருக்கும். ரோஜாவுக்குக் கன்று தேடலாம். சாமந்திக்கு விதை வாங்கலாம். கனகாம்பரத்துக்கு அண்டை வீட்டாரைக் கேட்கலாம். களைக்கு இவற்றுள் ஒன்றும் வேண்டுவதில்லை. விதைப்பாரின்றி முளைத்து, நீர் விடுவாரின்றித் தழைத்து, நாம் நான்கு நாள் ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் பாத்தியைத் தன்னதாக்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்குண்டு. ஆதலின் களையைப்பற்றி எழுதப் புகுவோன் பொருளுக்கு வறுமைப்பட வேண்டுவதில்லை.

இப்பொருளில் எழுத இவனுக்கு என்ன உரிமை என்று மாணவ நண்பர்கள் வினவலாம். யான் தாவர நூல் வல்லேன் அல்லேன். நம் கல்லூரியிற் பயின்ற காலத்தும் தமிழிலக்கியமே என் பாடமாயிருந்தது. ஆயினும், சிதம்பரத்தில் ஆசிரியத் தொழில் செய்த பன்னிரண்டாண்டுக் காலத்திலும், பின்னர்க் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் குடியேறிய 2009 முதல் இன்றளவும், வாசலில் ஒரு பூம்பாத்தி இல்லாமல் யான் இருந்ததில்லை. முன்னது களிமண், பின்னது மணல். இரண்டு மண்ணிலும் குனிந்த முதுகு மட்டும் ஒன்றே.

சென்ற ஆண்டுப் பழைய மாணவர் கூட்டத்தின்போது, மண்டபத்தின் முன்னுள்ள பூம்பாத்திகளைப்பற்றி ஒரு பேச்சு எழுந்தது. “மாதந்தோறும் இரண்டு பெண்களுக்குக் கூலி கொடுத்துக் களை எடுப்பிப்பதைவிட, ஒரு தெளிப்பானும் ஒரு புட்டி மருந்தும் வாங்கிவிட்டால் ஒரு முற்பகலில் வேலை முடிந்துவிடுமே” என்றார் நண்பரொருவர். அங்கிருந்தோரிற் பலர் தலையசைத்தனர். கூலிக் கணக்கை மட்டும் பார்த்தால் அவர் கூறியது பொருந்துவதாகவே தோன்றும். முடிவு இன்னும் செய்யப்படவில்லை என்று கேள்வி. அதற்குமுன் இவ்விஷயத்தில் யான் கண்டவற்றையும் கற்றவற்றையும் மலரின் வாயிலாக எடுத்துரைப்பது நலமென்று கருதினேன்.

களை என்று தனியே ஒரு குலம் தாவரங்களுள் இல்லை. நாம் விரும்பாத இடத்தில் நிற்பது களை. அதுவே விரும்பிய இடத்தில் நின்றால் பூண்டு, மருந்து, கீரை, அருச்சனைப் பொருள். ஹோம் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர்தம் கூட்டாளிகளும் உலகின் மிகக் கொடிய களைகளை ஆராய்ந்து 1977இல் ஒரு நூல் வெளியிட்டனர். அதில் முதலிடம் பெற்றது கோரை. பாய் முடையும் நெடுங்கோரையன்று, அடியிற் கிழங்கு வைக்கும் சிறுகோரை. இரண்டாமிடம் பெற்றது அருகம்புல். உலகத்து உழவரெல்லாம் அஞ்சும் இவ்விரண்டில் ஒன்றை நாம் முத்தக்காசு என்று பெயரிட்டு நாட்டுமருந்துக் கடையிற் காசு கொடுத்து வாங்கி நலங்கு மாவில் அரைத்துச் சேர்க்கிறோம். மற்றொன்றைப் பிள்ளையாரின் தலையிற் சூட்டுகிறோம். சிதம்பரத்துத் தேரோடும் வீதியில் சதுர்த்தி நாளன்று அருகம்புற் கட்டொன்றை விலை கேட்டு வாங்கும் ஒருவர், அன்று காலை தம் வீட்டுப் பாத்தியில் அதனைத் திட்டிக்கொண்டே பறித்தெறிந்தவராயிருத்தல் கூடும்.

மறுதலையும் உண்டு. நித்தியகல்யாணி மடகாஸ்கர்த் தீவிலிருந்து வந்த பூச்செடி; அதன் இலையிலிருந்து இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கின்றனர். கடலூர் மணலிலோ அது தெருவோரத்திலும் மதிற்பிளவிலும் தானே முளைத்து, சாமந்திப் பாத்திக்குட் புகுந்தால் களையாகவே நடந்துகொள்கிறது. ஏரிகளையும் வாய்க்கால்களையும் அடைத்துக்கொண்டிருக்கும் ஆகாயத்தாமரை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதன் ஊதாப்பூவின் அழகுக்காகவே வங்காளத்துக்குக் கொண்டுவரப்பட்டது. மலைக்காடுகளை மூடியிருக்கும் உண்ணிச்செடியும் அந்நூற்றாண்டின் தொடக்கத்திற் கல்கத்தாத் தாவரத் தோட்டத்துக்கு அலங்காரச் செடியாக வந்ததே. பூந்தோட்டக்காரர் களைக்கு எப்போதும் பகைவராயிருந்ததில்லை. சில வேளைகளில் அவர்களே அதற்குத் தரகராயிருந்திருக்கின்றனர்.

கடலூர் வட்டாரத்தார் களையைப்பற்றிப் பேசும்போது திருநாவுக்கரசரை மறத்தல் இயலாது. அவர் பிறந்தது பண்ருட்டிக்கு அணித்தான திருவாமூர். கல்லோடு பிணித்துக் கடலில் எறியப்பட்டவர் அக்கல்லே தெப்பமாகக் கரையேறியது திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கத்தில் என்பது வரலாறு; கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் ஊர் இன்றும் இங்கு உண்டு. அவர் கையில் நாம் காண்பது ஏடன்று, உழவாரப்படை. கோயில் முற்றங்களில் முளைத்த புல்லைச் செதுக்குவதே அவர் மேற்கொண்ட தொண்டு. திருப்புகலூரில் அவர் புற்செதுக்கிய இடத்தில் பொன்னும் நவமணியும் கிடக்க, அவற்றையும் பருக்கைக் கல்லோடு ஒன்றாகவே வாரிக் குளத்தில் எறிந்தார் என்று பெரியபுராணம் கூறுகின்றது. பக்தியின் பொருட்டு அதனைப் போற்றுவோர் போற்றுக. தோட்டக்காரனாகிய என் கண்ணுக்கு அக்கருவியின் வடிவமே வியப்பாயிருக்கிறது. தட்டையான அலகு, நீண்ட காம்பு. அது மண்ணைப் புரட்டுவதன்று, மேலாகச் செதுக்குவது. விதையினால் முளைக்கும் இளங்களைக்கு இதனினும் தக்க கருவியில்லை. ஆழக் கொத்தினால் அடியில் உறங்கும் விதைகள் மேலே வந்து வெளிச்சம் பெற்று முளைக்கும். மேலாகச் செதுக்கினால் முளைத்தவை மாளும், உறங்குபவை உறங்கும். வேளாண்மைக் கல்லூரிகளில் இன்று கற்பிக்கும் பாடமும் இதுவே.

ஆனால் கோரைக்கு உழவாரம் போதாது. இதனை எனக்குக் கற்பித்தது சிதம்பரம்.

சிதம்பரத்தைச் சூழ்ந்த நிலம் கொள்ளிடமும் வீராணத்து வாய்க்கால்களும் படிவித்த களிமண். மழையில் அது பிசின்; கோடையிற் கல். யான் குடியிருந்த வாடகை வீட்டின் முன்புறம் எட்டடி அகலமும் இருபதடி நீளமுமான ஒரு பாத்தி. அதில் வாடாமல்லியும் காசித்தும்பையும் இட்டிருந்தேன். ஐப்பசி மழை தொடங்கிப் பத்தாம் நாள் பாத்தி முழுவதும் ஊசி குத்தினாற்போலக் கோரை கிளம்பிற்று. வீட்டுக்காரர் அனுப்பிய ஆள் ஒருவன் வந்து மண்வெட்டியாற் கொத்திப் புரட்டி, “முடிஞ்சுதுங்க” என்று கூலி வாங்கிச் சென்றான். பதினைந்தாம் நாள் பார்த்தால் ஒன்றிருந்த இடத்தில் நான்கு நின்றன.

அத்தெருவில் வயல்வேலைக்குச் செல்லும் முதியவளொருத்தி இருந்தாள். அவளை யாவரும் ஆயா என்றே அழைப்பர். யானும் அங்ஙனமே அழைத்தேன். அவள் பாத்தியருகில் குந்தி, ஒரு கோரையைச் சுண்டிப் பார்த்துச் சிரித்தாள்.

“தலையை அறுத்தா சாவுற பூண்டு இல்லீங்க ஐயா இது. மேல கிள்ளினா கீழ சிரிக்கும்.”

“அப்படியானால் என்ன செய்வது, ஆயா?”

“இப்ப ஒண்ணும் செய்யாதீங்க. மண்ணு பதமா இருக்கறப்ப கிழங்கோட எடுக்கணும். மிச்சத்தைச் சித்திரை வெயிலு பாத்துக்கும்.”

அவள் சொற்களின் உட்பொருளைப் பின்னர் நூல்களிற் கண்டேன். கோரையின் கிழங்குகள் மண்ணுக்கடியில் ஒன்றோடொன்று நூலாற் கோத்த மணிகள்போல் தொடர்ந்திருப்பன. ஒவ்வொரு கிழங்கிலும் பல முளைக்கண்கள் உண்டு. சங்கிலி அறாதிருக்கும் வரையில் முன்முளைத்தது பின்னவற்றை அடக்கிவைக்கும். அறுத்துவிட்டால் அடங்கிக் கிடந்தவையெல்லாம் விழித்தெழும். அவ்வாள் மண்வெட்டியாற் கொத்தியது களையெடுப்பன்று, நாற்று நடுகை. உழும் பொறியைக் கொண்டு பூந்தோட்டத்தைப் பண்படுத்துவோர் வீட்டிற் கோரை பெருகுவதன் காரணமும் இதுவே. மேலும், முளைத்த கோரை ஏறத்தாழ மூன்று நான்கு வாரத்திற் புதுக்கிழங்கு வைக்கத் தொடங்கிவிடும். அதற்குள் இலையை நீக்கிவிட்டால் தாய்க்கிழங்கு தன் சேமிப்பைச் செலவிட்டு மறுபடியும் இலை விடவேண்டியிருக்கும். வரவில்லாத செலவு எத்தனை நாள் தாங்கும்?

ஆகவே அவள் சொற்படி இரண்டு காரியம் செய்தோம். மழைக்காலத்தில் மண் காலில் ஒட்டாமலும் கையில் உதிர்ந்தும் இருக்கும் பதத்தில், பதினான்கு நாளுக்கொரு முறை, களைக்கொட்டை அடியிற் செலுத்தி நெம்பிக் கிழங்கோடு எடுத்தோம். பூச்செடிகள் முடிந்த பங்குனியில் பாத்தியை ஒரு முழ ஆழம் கட்டிகட்டியாகப் பெயர்த்துப்போட்டு, ஒரு சொட்டு நீரும் விடாமல் அக்கினி நட்சத்திரம் கழியுமளவும் வெயிலுக்கு விட்டோம். கோரைக்கிழங்குக்கு ஆகாதவை இரண்டு: ஒன்று வறட்சி, மற்றொன்று நிழல். ஈரமின்றி வெயிலிற் கிடந்தால் இரண்டு வாரத்திற்குள் அது உயிர்விடும். வைகாசி முடிவில் கட்டிகளைத் தட்டியபோது சுருங்கிக் கறுத்த கிழங்குகள் ஒரு கூடை நிறைய வந்தன. மறுவருடம் அரைக் கூடை. மூன்றாம் வருடம் ஆயா தன் முந்தானையில் முடிந்துகொள்ளும் அளவே. முற்றும் ஒழிந்ததென்று கூறேன். வாய்க்கால் நீர் பாயும் ஊரில் அது முற்றும் ஒழியாது. ஆனால் வாடாமல்லிக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கக் கற்றுக்கொண்டது.

நிழலின் வலிமையை யான் அறிந்தது கடலூரில். அதனைக் கற்பித்தது ஒரு புயல். என் வீட்டுப் பாத்தியின் மேற்கே ஒரு பூவரசும் ஒரு வேம்பும் நின்றன. அவற்றின் கீழ் அமைந்த பாத்தியில் கோரை பெயருக்கு இரண்டொன்று இருக்கும். 2011 டிசம்பர் 30ஆம் நாள் காலையில் தானே புயல் கரையைக் கடந்தபோது இரண்டும் வேரோடு வீழ்ந்தன. அம்மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் இழந்து வாழ்க்கையே சரிந்தோர்க்கு முன்னே என் பூவரசைப்பற்றிப் பேசுவது நாணத்தக்கது. ஆயினும் களைக்கதையில் அதற்கோர் இடமுண்டு. நிழல் நீங்கிய அப்பாத்தியில் அடுத்த ஐப்பசிக்குள் கோரை பாய்விரித்தாற்போற் பரவிற்று. புதிதாக யாரும் கொணர்ந்து இட்டதன்று. அத்தனை ஆண்டும் அது அடியிற் காத்துக் கிடந்தது. அன்றுமுதல் யான் பாத்தியில் வெறுமண் தெரியும்படி செடி வைப்பதில்லை. காசித்தும்பையைச் சாணிடைக்கொன்றாக நெருக்கி வைத்தால் ஒன்றரை மாதத்தில் அதன் இலையே மண்ணுக்குக் குடையாகிவிடும். அதன்பின் முளைப்பவை வெளிறி நீண்டு தாமே சாய்ந்துவிடும்.

மணற்பாங்கான கடலூரில் ஒரு நன்மையுண்டு: பறித்தால் வேரோடு வரும். ஒரு தீமையும் உண்டு: காற்று எப்போதும் விதை சுமந்து வரும். கிணற்றடிப்பூண்டின் விதை பஞ்சுக்குடை பிடித்துப் பறந்து வந்து இறங்கும். நெருஞ்சி செருப்பில் ஏறி வரும். மூக்கிரட்டை ஆணிவேரை ஆழச் செலுத்திக்கொண்டு, மேலே இழுப்பவன் கையில் தண்டை மட்டும் கொடுத்துவிடும். பருப்புக்கீரையைப் பறித்துப் பாத்தியிலேயே போட்டுவிட்டு வந்தால் அது கிடந்த இடத்திலேயே வேர்விட்டு மறுநாள் நிமிர்ந்து பார்க்கும். ஆதலின் ஒவ்வொன்றின் சுபாவமும் அறியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே உபாயம் தேடுவோர் ஏமாற்றமே அடைவர்.

விதைக்களைக்கு மூடாக்கே தலைசிறந்தது. வெளிச்சம் படாத சிறுவிதை முளைப்பதரிது. கடற்கரையோரத்துச் சவுக்குத் தோப்புகளின் கீழ்ச் சவுக்குச் சருகு மெத்தைபோற் கிடக்கும். மூன்று விரற்கடை கனத்துக்கு அதனைப் பரப்பினால் மழை இறங்கும், களை ஏறாது. நெல்லிக்குப்பத்துப் பக்கத்தார் கரும்புச் சோகை இடுவர். ஆனால் மணல் நிலத்திற் சோகை கரையானை அழைக்கும், ரோஜாவின் அடியில் அதனைச் சேர்த்தல் ஆகாது. மல்லாட்டைத் தோல் நல்லது. காற்றிற் பறப்பதொன்றே குறை. சிதம்பரத்தில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நன்றாக உதறாமல் இட்டால் மாதங்கழித்துப் பூம்பாத்தியில் நெல் அறுவடை செய்யலாம். எதனை இட்டாலும் தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி இடவேண்டும். ஈரம் தண்டைத் தொட்டால் அழுகும்.

புதுப்பாத்திக்கு இன்னொரு தந்திரமுண்டு. மண்ணைப் பண்படுத்தியவுடன் நாற்று நடாமல், நீர் விட்டுப் பத்து நாள் வாளாவிருத்தல். பாத்தி நமக்கெனவே தயாராயிற்றென்று நம்பிக் களைகளெல்லாம் முளைக்கும். அப்போது உழவாரம்போல மேலாகச் செதுக்கிவிட்டு, மண்ணைக் கிளறாமல் நாற்றை நடலாம். சிறுவர்க்கு இவ்வேலையில் மிகுந்த மகிழ்ச்சி. கோடையில் நனைந்த பாத்தியின்மேல் ஒளி ஊடுருவும் பாலிதீன் தாளை விளிம்பு மண்ணிற் புதையும்படி இழுத்து மூடி ஐந்தாறு வாரம் விட்டால், மேல்மண்ணின் விதைகள் வெந்துபோம். கோரைக்கு மட்டும் அஃது அரைமருந்து.

இனி மருந்துக்கு வருவோம். மருந்தைக் கண்டாலே காதைப் பொத்திக்கொள்ளும் கூட்டத்தைச் சேர்ந்தவனல்லேன். ஆயிரம் ஏக்கர் கோதுமைக்கும் நெல்லுக்கும் அது செய்த உதவியை மறுப்பது நேர்மையன்று. கேள்வி, பூம்பாத்தியில் அது யாது செய்யும் என்பதே.

2,4-டி என்னும் மருந்து இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் கண்டறியப்பட்டு 1945இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. தாவரத்தின் வளர்ச்சியை ஆளும் இயற்கைச் சாறொன்றைப்போல அது நடிக்கும். ஏமாந்த செடி தாறுமாறாக வளர்ந்து முறுகி மாளும். அகன்ற இலைச் செடிகளே அதற்கு இரை; புல்வகை பெரும்பாலும் பிழைக்கும். நெல்வயலுக்கு இது வரம். பூம்பாத்தியிலோ, நாம் வளர்ப்பவை அகன்ற இலையுடையன; நம்மை வருத்துபவை அருகும் கோரையும். புல்லை விட்டுப் பூவைக் கொல்லும் மருந்தை வைத்துக்கொண்டு யாது செய்வது?

இது ஏட்டறிவு மட்டுமன்று. சில ஆண்டுகளுக்குமுன் என் வீட்டுக்கு அடுத்த வெற்றுமனையின் உடையார் ஒருவர் புதரை ஒழிக்கக் கருதி ஆள் வைத்து இம்மருந்தை அடித்தார். கடலூரில் பிற்பகலிற் கடற்காற்று எழுமென்பது சிறுபிள்ளையும் அறியும், அடித்ததும் பிற்பகல். ஒரு வாரத்தில் என் ரோஜாவின் கொழுந்துகள் கயிறுபோல் முறுகின. கனகாம்பரத்தின் இலைகள் கிண்ணம்போற் குவிந்தன. அவரோ, “உங்கள் மனையில் ஒரு துளியும் விடவில்லையே, ஐயா” என்றார். அது மெய். அவர் விடவில்லை, காற்று விட்டது. அவர் மனையின் கோரை அடுத்த மழையிற் செழித்து நின்றது.

கிளைபோசேட் வேறு வகை. ஜான் பிரான்ஸ் என்னும் வேதியியலார் 1970இல் அதன் களைகொல்லும் குணத்தைக் கண்டார். 1974இல் அது கடைக்கு வந்தது. பச்சையாயிருப்பது எதுவாயினும் அதன் இலைவழி இறங்கி வேருக்குச் சென்று, புரதம் செய்யும் வழியொன்றை அடைத்துக் கொல்லும். கோரையின் கிழங்குக்கும் அது செல்லும். ஆனால் இலைவிடாது உறங்கும் கிழங்கைத் தீண்டாது. ஆகவே ஒரு முற்பகலிற் காரியம் முடியாது. மீண்டும் மீண்டும் அடிக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் சாமந்தியின் இலையில் ஒரு துளி படாமல் காப்பவர் யார்? முளைக்குமுன் மண்ணிலிடும் பெண்டிமெத்தலின் போன்றவை நட்ட நாற்றை விட்டு விதையை மட்டும் கொல்லும் என்பது உண்மை. அதனை ஊடுருவிக் கோரை வெளிவரும் என்பதும், நாம் தூவிய பூவிதையும் அதற்குக் களையே என்பதும் உண்மை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015இல் கிளைபோசேட்டை மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்னும் வகையிற் சேர்த்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் அலுவலகம் அதற்கு மாறான முடிவு கொண்டது. பெரியோர் மாறுபடும் இடத்தில் என்போன்றோர் தீர்ப்புக் கூறுதல் தகாது. ஆனால் 2022 அக்டோபரில் இந்திய அரசு, உரிமம் பெற்ற பூச்சித் தடுப்பாளர் வாயிலாக அன்றி இதனைப் பயன்படுத்தலாகாதென்று ஆணை பிறப்பித்ததை நினைவிற் கொள்ளல் தகும். தெளிப்பானையும் புட்டியையும் வாங்கித் தோட்டக்காரன் கையிற் கொடுத்துவிடுவது அத்துணை எளிய காரியமன்று. பாராகுவாட்டைப்பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை. விழுங்கியவனை மீட்க மாற்றுமருந்தே இல்லாத அதனை ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் விலக்கியது, இலங்கையும் விலக்கியது. முகத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு முதுகிற் பம்பு சுமந்து செல்பவரை நம் ஊர்களில் நாள்தோறும் காண்கிறோம். புட்டியின்மேல் அச்சிட்ட கையுறையும் கண்ணாடியும் படத்திலேயே நின்றுவிடுகின்றன.

மருந்து வேண்டாமென்போருட் சிலர் உப்பையும் காடியையும் கொதிநீரையும் புகழ்வர். கடையில் விற்பதே இரசாயனம், அடுக்களையில் இருப்பது இரசாயனமன்று என்பது அவர்கள் எண்ணம்போலும். உப்பு களையைக் கொல்லும். அதன்பின் அம்மண்ணில் பூவும் வராது. கிணற்று நீர் உப்பேறுவதைக் கண்ணாரக் காணும் கடலூரார் மண்ணுக்கு உப்பிடுதல் அறிவன்று. காடி இலையைத் தீய்க்கும், கிழங்கைத் தொடாது. கொதிநீர் கல்பாவிய நடைபாதை இடுக்குக்கு மிக நன்று. பாத்தியில் ஊற்றினால் மண்புழுவும் பூவேரும் உடன்வேகும்.

செடியைக்கொண்டே செடியை அடக்கும் வழியும் இல்லாமலில்லை. 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிஞர் கதிரேசன், நம் வீட்டு முற்றத்துக் கற்பூரவல்லியின் உலர்ந்த தூள் ஆகாயத்தாமரையை வாடச் செய்வதைக் கண்டு, 2000ஆம் ஆண்டில் ஆய்வுரை வெளியிட்டார். பார்த்தீனியத்தைத் தின்னும் மெக்சிகோ வண்டு 1984இல் பெங்களூரில் விடப்பட்டுப் பல இடங்களிற் பரவியது. ஆகாயத்தாமரை நீரில் நிற்பது, பார்த்தீனியம் வெற்றுநிலத்தது. நம் எட்டடிப் பாத்திக்கு இவை நேரே உதவா. ஆயினும் வீராணத்து நீரும் சிதம்பரத்து மண்ணும் பார்த்தோர் இத்திசையிற் சிந்தித்தது எனக்குப் பெருமகிழ்ச்சி.

மேற்கூறிய நியாயங்களையெல்லாம் ஒருவர் மறுத்துவிடலாம். மறுக்கவியலாத ஒன்றை இனிக் கூறுகிறேன். பழைய மாணவர் கூட்டத்தன்று மாலை, களையெடுத்து முடித்த அவ்விரு பெண்களும் வேப்பமர நிழலில் அமர்ந்து கூடையைப் பிரித்துக்கொண்டிருந்தனர். பருப்புக்கீரை ஒரு பங்கு. மூக்கிரட்டைக் கொழுந்து ஒரு பங்கு. கீழாநெல்லி வேரோடு தனியே. எஞ்சியது ஆட்டுக்கு. “ராத்திரி சாத்துக்கு ஆச்சுங்க ஐயா” என்றாள் மூத்தவள். நாம் கூலியென்று கொடுப்பதன்மேல் இது அவர்கள் தாமே எடுத்துக்கொள்ளும் கூலி; எந்தக் கணக்கேட்டிலும் ஏறாதது. பாத்தியில் மருந்து அடித்த மறுநாளும் கீரை பச்சையாகவே நிற்கும். கிளைபோசேட் அடித்த செடி வாடுவதற்குச் சில நாள் செல்லும். அடித்த செய்தி அறியாமல் அவர்களோ, வழியிற் செல்லும் வேறொருத்தியோ அக்கொழுந்தைக் கிள்ளிச் சென்றால், அன்றிரவு அது ஒரு குடிசையின் சட்டியில் வேகும். எச்சரிக்கைப் பலகை எழுதி நாட்டலாம் என்பீர்கள். அதனைப் படிக்கக் கற்பிப்பதும் நாம்தானே?

ஆகவே கல்லூரித் தோட்டக் குழுவினர்க்கு யான் கூறவிரும்புவது இவ்வளவே. கல்பாவிய நடையிலும் மதிலடியிலும் கொதிநீரோ செதுக்குகருவியோ போதும். வெற்றுநிலத்துப் பார்த்தீனியத்தைப் பூக்குமுன் கையுறை அணிந்து பிடுங்குவிக்கலாம். வெறுங்கை பட்டாற் சிலர்க்குத் தோல் தடிக்கும். மண்டபத்துப் பாத்திகளை வரும் பங்குனியிற் பெயர்த்து வெயிலுக்கு விட்டு, ஆடியிற் பொய்ம்முளை முளைப்பித்துச் செதுக்கி, நாற்றை நெருக்கி நட்டுச் சவுக்குச் சருகு இட்டால், முதலாண்டில் நான்கு நாள் பிடிக்கும் களையெடுப்பு மூன்றாமாண்டில் ஒரு நாளாகக் குறையும். என் பாத்தியிற் குறைந்தது. குறைந்த நாட்களில் அப்பெண்களுக்கு வேறு வேலை வேண்டாமா என்று கேட்பீராயின், நூல்நிலையத்தின் பின்புறம் பத்தாண்டாக ஒருவரும் தொடாத பாத்திகள் ஆறு இருக்கின்றன. சருகு இரண்டு வண்டி அனுப்பத் தேவனாம்பட்டினத்துப் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர் எனக்கு வாக்களித்துள்ளார். இறக்கிவைக்க இடம் மட்டும் காட்டவேண்டும்.